மூன்றாவது கேள்வி

"சார், கிளை ஆபீஸ்லேருந்து என்ஜினியர் பேசறேன். புதுக் கம்ப்யூட்டர்ங்கறதால உங்க சர்வர் என்னை உள்ள விடமாட்டேங்குது. கட்டட வரைபடத்தைப் பன்னிரண்டு மணிக்குள்ள அனுப்பியாகணும்."

தலைமை அலுவலகத்து சர்வர் அதிகாரி, எறும்பு உள்ளே வந்தாலும் அடையாள அட்டை கேட்கிற ஆசாமி.

"பேசறது நீங்கதான்னு எனக்கு உறுதியாகணும். மூணு கேள்வி கேப்பேன். சரியாச் சொன்னாத்தான் திறப்பேன். ஊழியர் எண்?"

சொன்னாள்.

"பிறந்த தேதி?"

அதையும் சொன்னாள்.

"கல்யாண நாள்?"

"அது எதுக்கு சார்?"

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"இன்னைக்குத்தான் சார்."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபேச்சில்லாமல் சர்வரைத் திறந்துவிட்டார். வரைபடம் பத்திரமாக வந்து உட்கார்ந்தது. அவரால்தான் உட்கார முடியவில்லை; பூக்கடைக்கு ஓடினார்.

சாயங்காலம் பூங்கொத்தும் கேக்குமாகத் தன் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்தாள் அந்த என்ஜினியர்.

"கல்யாண நாள் வாழ்த்துகள்மா!"

"அது அடுத்த மாசங்க."

"காலையில போன்ல இன்னைக்குன்னு சொன்னியே!"

"தப்பாத்தான் சொன்னேன்," என்றபடி அவள் பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். "அப்புறம் எப்படி சர்வரைத் திறந்தீங்க, சார்?"