லைன் கிளியர் இல்லை

"யாரு இந்த வேலைய பார்த்தது?"

ஹேமநாதன் போட்ட சத்தத்தில், மெர்கோங் கடைவீட்டு மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸே அதிர்ந்தது. திரையில், சோதனைக்காக எதிர் மேசையில் டாக்டர் மாதிரி பேசிக்காட்ட உட்கார்ந்த பிரேமலா வாயைத் திறந்தபடியே உறைந்திருந்தாள். அவள் குரல் பின்னால் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது.

"நான்தான் அண்ணே," என்றாள் சாந்தினி. புது ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. "ஆபீஸ் வைஃபைய வேணும்னே ஸ்லோ பண்ணி வச்சிருக்கேன்."

"நல்லா ஓடுற லைன ஏன்லா கெடுக்குற? என் போனும் இதுலதான ஓடுது!"

"எஸ்டேட் ஆளுங்க கிளினிக் டாக்டர்கிட்ட பேசுற ஆப் அண்ணே இது. அங்க சில வீட்டுல பேச்சு லேட்டாத்தான் போய்ச் சேரும். வயசானவங்க ரெண்டு வாட்டி ஹலோ சொல்லிட்டு, யாரும் இல்லைன்னு வச்சிடுவாங்க. வைக்காம இருக்க என்ன செய்யலாம்னு பாக்குறேன்."

"எந்தக் காலத்துல இருக்க நீ? செமிலிங்ல எங்கப்பாவுக்கு நானே ஃபைபர் போட்டுக் குடுத்திருக்கேன். பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும். முதல்ல அத எடு!"

சாந்தினி வாதாடவில்லை. கீபோர்டில் எதையோ தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஹேமநாதனின் போன் அடித்தது. வாட்சாப்பில் அப்பா.

"சொல்லுங்கப்பா... நாளைக்கா? ஆமா, வெள்ளிக்கிழமை, ஆபீஸ் லீவுதான்... என்னது, அம்மா திதியா? ஹலோ... ஹலோ! லைன் கிளியர் இல்லப்பா. விட்டு விட்டுக் கேக்குது. நீங்க சொல்றது ஒண்ணுமே புரியல. நான் அப்புறம் கூப்புடுறேன்."

வைத்துவிட்டு, சாந்தினி பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"பார்த்தியா? பெத்த தாய் திதிக்கு எத்தன மணிக்கு வரணும்னுகூடக் கேட்டுக்க முடியல. பாவம், பெரியவரு தனியா இருக்காரு. வாரம் பூரா கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ஒவ்வொரு வாட்டியும் இதே கதிதான். எல்லாம் உன்னாலதான்!"

பிரேமலாகூட 'ச்சு' என்று உச்சுக் கொட்டினாள். செமிலிங்கில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரை நினைத்தால் யாருக்குத்தான் சாந்தினிமேல் கோபம் வராது?

"இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்க? எடுன்னு சொன்னேன்ல!"

சாந்தினி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இன்னைக்குத்தான் முதல் தடவையா ஸ்லோ பண்ணேன் அண்ணே. அதையும் உங்கப்பா கூப்புடுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."