ரப்பர் வளைகாப்பு

செண்பகத்தின் வளைகாப்புக்கு வந்தவர்கள் ரப்பர் வளையல்தான் போட்டுவிட்டார்கள். கண்ணாடி வளையல் குலுங்கினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்டுவிடும். அதன் காதைப் பிரசவம் வரைக்கும் ஒரு சோப்புக் கம்பெனி மொத்தமாக வாங்கியிருந்தது. பதிலுக்கு ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். வயிற்றில் கட்டியிருந்த பெல்ட் பிள்ளைக்கு ஓயாமல் சோப்புப் பாட்டுப் பாடியது. பந்தியில் அப்பளத்தைக்கூட ரசத்தில் ஊறவைத்துத்தான் தின்றார்கள்.

அப்போது கம்பெனிக்காரர் வந்தார்.

"பாட்டுக்கு நடுவுல லப்டப்னு ஒரு சத்தம் வருதும்மா. ஆபீஸ்ல புகார்."

"அது என் நெஞ்சு சார்," என்று கிசுகிசுத்தாள் செண்பகம்.

"பிள்ளை அதைத்தானே கேக்குது! நம்ம பாட்டுக்கு அசையவே மாட்டேங்குது."

மாமியார் பதறிப்போய்க் கும்பிட்டாள். "மெதுவா அடிக்கச் சொல்றோம் சார். அடுத்த ஸ்கேனை மட்டும் நிறுத்திடாதீங்க."

செண்பகம் சேலைத் தலைப்பை நான்காக மடித்து நெஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள். மூச்சையும் அடக்கிக்கொண்டாள். உள்ளே பிள்ளை, கைவிட்டுப் போன எதையோ தேடுவதுபோல், உதைக்கத் தொடங்கியது.

"பாத்தீங்களா, பாட்டு பிடிச்சுப்போச்சு!" என்று கம்பெனிக்காரர் கைதட்டப் போய், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.