பழைய ரிமோட்டும் புது ரிமோட்டும்

செஞ்சிக் கடைத்தெருவில் மாலை வெயில் சாய்ந்து, ஆதவனின் எலக்ட்ரானிக்ஸ் கடைக் கண்ணாடி மேசைமேல் விழுகிறது. டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று என்று வீட்டிலிருந்த ரிமோட்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் தமிழினி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வேண்டும் அவளுக்கு. பக்கத்தில் அவள் கணவன் பிரசாந்த் வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி நிற்கிறான். "இதப் புடி தமிழு" என்று புது ரிமோட்டை அவளிடம் நீட்டுகிறான் ஆதவன். கல்லூரியில் அவளோடு படித்தவன். பழைய ரிமோட்டைத் தன் கையில் எடுத்து, இரண்டையும் நேருக்கு நேர் வைக்கிறான். "நான் அமுக்குறப்ப நீயும் அமுக்கு. இதுல இருக்குறத அது கத்துக்கும்." இருவர் தலையும் ஒன்றாகக் குனிகின்றன. சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. "லேப்ல இருந்த அதே அவசரம் இன்னும் போவல உனக்கு." "சும்மா இரு ஆதவா" என்று வாய்விட்டுச் சிரிக்கிறாள் தமிழினி. இப்படி ஒரு சிரிப்பை பிரசாந்த் தன் வீட்டில் கேட்டதே இல்லை. சாவி சுழல்வது நிற்கிறது.

"மீதிய நானே வீட்டுக்கு வந்து செட் பண்ணித் தரேன்" என்கிறான் ஆதவன்.

"ஒண்ணும் வேணாம்." பிரசாந்த் அலமாரியில் கைக்கு வந்த வேறொரு ரிமோட்டை எடுத்து மேசையில் வைக்கிறான். "இதப் போட்டுக் குடுங்க."

"ஏங்க, அது நம்ம ஹோம் தியேட்டருக்கு வேலை செய்யாதுங்க."

"செய்யும்."

ஆதவன் அவளைப் பார்க்கிறான். அவள் யாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்ததைச் சத்தமில்லாமல் கண்ணாடிமேல் வைக்கிறாள்.

"அவரு சொன்னதையே குடுத்துடுங்க சார்."