சுவரில் இரண்டு கண்கள்

விளக்கைப் போட்டதும் சுவரில் இரண்டு கண்கள் தெரிந்தன. மஞ்சள் வளையமிட்ட உருண்டைக் கண்கள். கட்டிலில் மூச்சிரைத்துக் கிடந்த தன் புருஷனையே அவை பார்ப்பதாகப் பவளத்துக்குத் தோன்றியது.

“மதினி, சாக்குருவி வந்துட்டு!”

அடுப்படியிலிருந்து அவன் அக்கா சின்னத்தாயி ஓடிவந்தாள். சாக்குருவி நுழைந்த வீட்டில் சாவு விழும். அதன் பார்வை அவன்மேல் படாதபடி இருவரும் கட்டிலை மறைத்து நின்றார்கள். பவளம் துடைப்பத்தை நீட்டினாள். கண்கள் இமைக்கவில்லை. துடைப்பம் பட்டதும் மடங்கி, மறுபடி விரிந்தன. அலகு இல்லை, நகம் இல்லை. கண்கள் இரண்டும் வெறும் சிறகுப் பொட்டுகள். துடைப்ப நுனியில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது.

“பூச்சி மதினி! கையகல விட்டில்பூச்சி!” பவளம் சிரித்தேவிட்டாள்.

சின்னத்தாயி சிரிக்கவில்லை.

“சாக்குருவி சாவுக்கு முன்னால வரும் பவளம்,” என்றாள் மெதுவாக. “போன உயிருதான் பூச்சியா வரும். எங்க அய்யா போன அன்னிக்கும் இதே இடத்துலதான் உக்காந்திருந்துச்சு.”

துடைப்பம் அந்தரத்தில் நின்றது. இரைப்புச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றதென்றும் தெரியவில்லை. கட்டில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.