தொண்ணூறு நாள் பத்தியம்

'இன்றைக்கு மட்டும் இவள் எதையும் துருவிக் கேட்காமல் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும்' என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டிருந்தபோதே ஆயம்மாள் கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, மருந்து கேட்டுச்சா?"

தேவிப்ரியா இல்லை என்று தலையசைத்தாள்.

"கொஞ்சங்கூடவா?"

"இல்லீங்க்கா."

ஆயம்மாள் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த வேர்களை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஐம்பது வயதிருக்கும். தாம்பத்தியத்துக்கு முடியாமல் போன ஆண்களுக்குக் கல்வராயன் மலையில் அவள் தரும் மருந்தைத் தேடிக் கீழ்நாட்டிலிருந்தும் வருவார்கள். ஆனால் ஆண்கள் கையில் தரமாட்டாள். வெட்கத்தில் ஆயிரம் பொய் சொல்வார்கள் என்பாள். மனைவிதான் வந்து வாங்க வேண்டும். தினமும் மனைவிதான் பாலில் கலந்து தர வேண்டும்.

"வூட்டுக்காரரு வரலியா?"

"கீழ டீக்கடையாண்ட வண்டிய நிறுத்திக்கினு நிக்கிறாரு."

ஆயம்மாள் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, ஹெல்மெட்ட மாட்டிக்கினு, கண்ணாடிய மட்டும் தூக்கிவுட்டு டீ குடிக்கிறாரு?"

"தியாகதுருகத்துல எங்களுக்கு உரக்கடைங்க. மலைக்காரங்க நெறய பேரு அங்கதான் வந்து வாங்குறாங்க. யாராச்சும் பாத்துட்டா..."

"அந்தக் கோலத்தப் பாத்துட்டுத்தான் நாலு பேரு நின்னு யாருன்னு கேப்பான்." சிரித்த ஆயம்மாள், எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "செரி, பத்தியம் எதுனா கெட்டுதா? புளி, கத்திரிக்கா, குடி?"

"தொண்ணூறு நாளா புளியத் தொடலீங்க்கா. போன மாசம் எங்க சித்தி வூட்டுக் கல்யாணத்துல எல்லாரும் சாம்பார், வத்தக்கொழம்புன்னு சாப்புடறாங்க, இவரு வெறும் மோர்ச்சோறு துன்னுட்டு எழுந்தாரு. கேட்டவங்களுக்கெல்லாம் அல்சர்னு சொல்லிட்டாரு."

கணவன் கொளஞ்சியப்பன் அந்தப் பாலைக் குடிக்கும் விதத்தைத் தேவிப்ரியாவால் பார்க்க முடியாது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடி, கோயில் தீர்த்தம்போலக் குடிப்பான். குடித்து முடித்ததும் அவளைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்க மாட்டாமல், டம்ளரைக் கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அவன் அழுதது வெளியே கேட்டது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டவில்லை.

"எத்தினி நாளா இப்படி?"

"சக்கர வியாதி வந்ததுலேர்ந்து. எட்டு மாசமாவுது."

"எரிஞ்சி வுழுவாரே? தனக்கு முடியலன்னா பொண்டாட்டியப் போட்டு அடிப்பானுங்களே."

"இல்லீங்க்கா. இப்பல்லாம் ரொம்ப அமைதி. சாப்ட்டியான்னு கேக்குறாரு. பேரு சொல்லிக் கூப்புடறாரு."

"குத்தம் பண்ணவனாட்டம் ஒடுங்கிட்டான் பாவம்."

தேவிப்ரியா மெதுவாகச் சொன்னாள்: "இந்தத் தடவயும் கேக்கலன்னா உன்ன உங்கப்பா வூட்லயே வுட்டுடறேன், எங்கூட இருந்து நீ ஏன் வீணாப் போவணும்னு நேத்து சொன்னாருங்க. சொல்லிட்டு அழுதாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. போகவும் எனக்கு மனசில்ல."

ஆயம்மாள் உள்ளே போய் ஒரு பொட்டலமும் கற்பூரமும் எடுத்து வந்தாள். "மூணு பொட்டலத்துக்கு மேல எவளும் எங்கிட்ட வந்ததில்ல. எனக்கே கேவலமா இருக்குதும்மா. மருந்து பொய்யா, இல்ல குடுத்த கை பொய்யான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

முற்றத்துக் காளியம்மன் கல்லின் முன் கற்பூரத்தை ஏற்றினாள். "ஒருநாளும் தப்பாம எங்கையாலதான் மருந்தக் குடுத்தேன்னு சத்தியம் பண்ணி இத அணை. அப்புறம் இத வாங்கிக்கினு போ. இதுலயும் ஆவலன்னா நானே உங்கூட வந்து அவரு கைய புடிச்சிப் பாக்குறேன்."

கற்பூரம் நின்று எரிந்தது. தேவிப்ரியா கையை நீட்டினாள். உள்ளங்கையில் சூடு பட்டதும் இழுத்துக்கொண்டாள்.

"பட்டுனு அணைச்சா சுடாதுடி. வையி."

"சூட்டுக்கு இல்லீங்க்கா."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. கல்லில் கருப்புத் தடம் மட்டும் இருந்தது.

ஆயம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப தொண்ணூறு நாளா அந்த மனுசனுக்கு இன்னாத்தடி குடுத்த?"

"கேவுரு மாவு."

"அவரு இல்லாம இருக்கவும் மனசில்லங்கற. மருந்தயும் குடுக்க மாட்டன்ற. பாவம்டி அவரு. இன்னிலேர்ந்தாவது இதக் குடு."

நீட்டிய பொட்டலத்தைத் தேவிப்ரியா மெல்ல அவள் பக்கமே தள்ளினாள்.

"வேணாங்க்கா. கல்யாணமாயி ஆறு வருசத்துல, இந்த எட்டு மாசந்தான் அவரு பக்கத்துல பயமில்லாம தூங்குறேன்."