திரவியத்தைப் பராமரிக்க ஆள் தேவை

செண்பகவல்லியின் நிச்சயத்தன்று கூடத்தில் இருந்தவர்கள்: அவள், அவளுடைய அப்பா திரவியம், மாப்பிள்ளையைப் பெற்ற ஆவுடையப்பனும் கோமுவும், அலமாரி மேல் விளம்பரி. தொழில் வலைத்தளத்தில் அவரவர் சாதனையை எழுதிப் போடும் அந்தக் கருவி யாரையும் கேட்டு எழுதாது.

தாம்பூலத் தட்டை எடுக்கவிருந்த ஆவுடையப்பன் கைப்பேசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"சம்பந்தி, உங்க படத்தைப் போட்டு, 'திரவியத்தைப் பராமரிக்க ஆள் தேவை. இலவசம். யாரும் எடுத்துப்போய் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம்'னு வந்திருக்கே! பெத்த அப்பனையே தள்ளிவிடுற பொண்ணு எங்களை என்ன செய்வா?"

கோயிலில் முதல் மரியாதை வாங்கிய திரவியத்தின் முதுகு மேலும் விறைத்தது.

"அது நான் எழுதுன மென்பொருள், மாமா! காலையில ஆளை எழுப்பும். எல்லாருக்கும் பொதுவா விட்டேன். அப்பா பேரை வச்சேன். அதைப் பார்த்துக்கத்தான் ஆள் தேடுறேன். இந்த விளம்பரி அப்பா படத்தோட எழுதிப் போட்டிருச்சு," என்றாள் செண்பகவல்லி.

"குடும்பப் பேரைத் தெருவுல விட்டியா?" என்றார் திரவியம்.

கோமு கைப்பேசியை வாங்கி மேலும் படித்தாள். "தெரிஞ்ச கோளாறு: நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. அண்ணாச்சியேதான்!"

ஆவுடையப்பனே சிரித்துவிட்டார். திரவியம் சிரிக்கவில்லை. "எத்தனை பேர் எடுத்திருக்கான்?"

"நாற்பதாயிரம் பேர்ப்பா."

"அத்தனை வீட்டுலயும் நான் சொன்னாத்தான் எழுந்திரிக்கானா?" என்று மீசையைத் தடவினார். "சரி, தட்டை எடுங்க சம்பந்தி."

தாம்பூலம் மாறியதும், அந்த விளம்பரத்தைப் பார்த்து வாசலில் முதியோர் இல்லத்து வண்டி வந்து நின்றது.

அதில் திரவியத்தை ஏற்றிப் போனதாக ஊரில் பேச்சு. ஏற்றவில்லை. ஓட்டுநருக்குப் பாயசம் ஊற்றியவரே அவர்தான்.