மட்கார்டில் ஒரு போட்டோ

பழைய டிராக்டர் கண்காட்சியில் சிவப்புப் பெயிண்டு அடித்து, மாலை போட்டு நிறுத்தியிருந்த வண்டியை, மட்கார்டில் இருந்த வெல்டிங் தழும்பை வைத்தே மாசானம் கண்டுகொண்டான். பண்ணையில் அவன் ஓட்டிய வண்டிதான். நடவுக்கு வயலைச் சேறாக்கி அவன் தொழியடிக்கையில் மூத்த மகன் அந்த மட்கார்டிலிருந்து வழுக்கித்தான் இரும்புச் சக்கரத்துக்குள் விழுந்து செத்தான். பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. சின்னவளைத் தூக்கி அதே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, “ஏங்க, நீங்களும் ஏறுங்க, சேந்து ஒரு போட்டோ எடுப்போம்” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஆறு வருசமாச்சு. சொல்ல வாயெடுத்தவன், ஓடிப்போய் ஒரு கல்லைப் பொறுக்கிவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான்.

“உள்ள இஞ்சினே கிடையாது அண்ணாச்சி, வெறும் கூடுல்லா!” என்று காவலுக்கு நின்றவர் கேலி பண்ணினார்.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த சக்கரத்துக்குக் கல் தேடினான்.